மாதவிடாய்க்கு முந்தின அந்த நாட்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் இரத்தச்சோகை பற்றி எழுதி முடிக்கும்போது, மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் வருகிற உடல், மனத் தொல்லைகளைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் எழுதுங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தபோது, இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எத்தனை பேர் இருந்திருக்கிறார்கள் என்று விளங்கியது. திருகோணமலையில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்த காலத்தில் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்கத்தான் வீடுவீடாகப் போவேன். குழந்தையின் நிறையை எழுதிவிட்டு எழும்பும்போது படலையடி வரை கூடவே வந்து, "மிஸ், இன்னொரு விசயம்" என்று குரலைத் தாழ்த்துகிறவர்கள் பலர் கேட்டது இதைத்தான். கடிதங்களைச் சுருக்கி, ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுத் தருகிறேன்.

கேள்வி: நான் ஓர் ஆசிரியை, வயது 34, இரண்டு பிள்ளைகள். மாதவிடாய் வருவதற்குப் பத்து நாளைக்கு முன்பே மார்பு கனக்கத் தொடங்கிவிடும். வயிறு ஊதி, பிளவுஸ் இறுகும். நித்திரை வராது. போன மாதம் ஒரு பிள்ளை கொப்பி கொண்டுவரவில்லை என்பதற்காக வகுப்பிலேயே அழுதுவிட்டேன். வந்த அடுத்த நாளே எல்லாம் விட்டுவிடும். மாமி "எங்கட காலத்தில இதெல்லாம் இல்லை, உனக்கு வாய் கூடிப்போச்சு" என்கிறா. இரத்தம் சோதித்தேன், ஹோர்மோன் எல்லாம் சரியாம். அப்படியென்றால் இது என் குணம்தானா?
(வாசகி, உவர்மலை)

பதில்: இது உங்கள் குணம் இல்லை, தங்கச்சி. குணம் என்றால் மாதம் முழுக்க அல்லவா இருக்க வேண்டும்? உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது "வந்த அடுத்த நாளே எல்லாம் விட்டுவிடும்" என்ற வரி. வயிறு ஊதுவதும் அழுகை வருவதும் வேறு எத்தனையோ காரணத்தால் வரலாம். இதை பி.எம்.எஸ். (premenstrual syndrome, மாதவிடாய்க்கு முந்தின நாட்களின் தொல்லைகளுக்கு டொக்டர்மார் சொல்கிற பெயர்) என்று சொல்லவைப்பது அது வந்து போகிற நாட்கள்தான். கருமுட்டை வெளியேறிய பிறகு, அதாவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய இரண்டு வாரம் இருக்கும்போது, தொல்லை தொடங்கலாம். கடைசி ஐந்து நாளில் கூடும். மாதவிடாய் வந்து நாலு நாளுக்குள் அடங்கும். அதன்பின் ஒரு வாரமாவது ஒன்றுமே இல்லாமல் இருப்பீர்கள். மாதா மாதம் இதே ஒழுங்கில் வந்தால் அது பி.எம்.எஸ்.

இரத்தப் பரிசோதனை சரியாக வந்ததில் அதிசயம் இல்லை. பி.எம்.எஸ்.ஸைக் காட்டிக்கொடுக்கிற இரத்தப் பரிசோதனை என்று ஒன்று கிடையாது. தைரொய்ட் கோளாறும் இரத்தச்சோகையும் இதே போன்ற களைப்பையும் சினத்தையும் தரும் என்பதால், அவை இல்லை என்று பார்த்துக்கொள்ளத்தான் சோதிப்பது. பி.எம்.எஸ். உள்ள பெண்ணுக்கும் இல்லாத பெண்ணுக்கும் ஹோர்மோன் அளவில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. 1998இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்து ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். கருமுட்டை உண்டாகிற சூலகத்தின் ஹோர்மோன்களை மருந்தால் நிறுத்தியபோது பி.எம்.எஸ். உள்ள பெண்கள் பலருக்குத் தொல்லை அடங்கியது. அவர்களுக்கே ஈஸ்ட்ரஜனையோ புரொஜெஸ்டரோனையோ திருப்பிக் கொடுத்ததும் மறுபடி வந்தது. பி.எம்.எஸ். இல்லாத பெண்களுக்கும் அதையே கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடி மாதத்துக் கச்சான் காற்று எல்லார் வீட்டு முற்றத்திலும்தான் அடிக்கிறது, தலையிடி சிலருக்குத்தானே வருகிறது. உங்கள் மூளை அந்த ஏற்ற இறக்கத்தை மற்றவர்களை விடக் கூர்மையாக உணர்கிறது. மனநிலையைச் சமனாக வைத்திருக்கும் செரட்டோனின் என்ற பொருளுக்கும் இதில் பங்கு உண்டு. இது முழுக்க முழுக்க உடம்பில் நடக்கிற காரியம்.

மாமி சொல்வதற்கும் ஒரு பதில் இருக்கிறது. நியூயோர்க்கில் ரொபேர்ட் ஃபிராங்க் என்ற டொக்டர் 1931இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். 1953இல் இங்கிலாந்தில் கதரினா டால்டனும் ரேமண்ட் கிறீனும் இன்று நாம் சொல்கிற பெயரையே வைத்து மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆகவே மாமியின் காலத்திலும் இருந்ததுதான். அவவோடு ஆறுதலாக இருந்து கதைத்துப் பாருங்கள், தன் கதை ஒன்றைச் சொல்லக்கூடும்.

சரி, என்ன செய்வது? முதல் வேலை ஒரு கொப்பி. பிள்ளைகளின் மிச்சக் கொப்பி போதும். இரத்தம் பட்ட முதல் நாளை 1 என்று போட்டு எண்ணிக்கொண்டு வாருங்கள். உங்களை அதிகம் வருத்துகிற மூன்று நாலு தொல்லைகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வோர் இரவும் படுக்கப் போகுமுன் இல்லை என்றால் 0, தாங்கவே முடியவில்லை என்றால் 3 என்று புள்ளி போடுங்கள். பக்கத்தில் அன்றைக்கு நடந்ததையும் ஒரு சொல்லில் எழுதுங்கள். "23ஆம் நாள். கோபம் 3, மார்பு நோ 2, நித்திரை 3. பின்னேரம் பெற்றார் கூட்டம்." இவ்வளவுதான். இரண்டு மாதவிடாய்க் காலத்துக்கு விடாமல் எழுத வேண்டும். மாத முடிவில் யோசித்து எழுதினால் சரிவராது, ஏனென்றால் சண்டை நடந்த நாள் எல்லாமே அந்த நாட்களில் நடந்ததாகத்தான் நமக்கு ஞாபகம் வரும். 6ஆம் நாளில் இருந்து 12ஆம் நாள் வரை பூச்சியமாக இருந்து, 18க்குப் பிறகு இரண்டும் மூன்றுமாக ஏறினால் உங்களுக்கே விளங்கிவிடும். மாதம் முழுக்க இரண்டும் மூன்றுமாக இருந்தால் அது வேறு பிரச்சினை, மனச்சோர்வாகவும் இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. டொக்டரிடம் போகும்போது இந்தக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். ஐந்து நிமிடத்தில் வாயால் சொல்லி முடிக்க முடியாததை அது சொல்லும்.

கொப்பி எழுதுகிறபோதே செய்யக்கூடியவையும் உண்டு. நடை நன்றாக உதவுகிறது. கஷ்டமான நாட்களில் மட்டும் நடந்தால் போதாது, மாதம் முழுக்க, வாரத்தில் ஐந்து நாளாவது அரை மணி நேரம். நீங்கள் இருக்கும் இடத்தில் இருந்து டச் பே கடற்கரை கிட்டத்தானே. இல்லாவிட்டால் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை ஏறி இறங்குங்கள். மான்களைப் பார்க்கலாம் என்றால் பிள்ளைகளும் கூட வருவார்கள், அவர்களை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்ற கவலையும் இருக்காது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை ஆசிரியைகளிடம் எனக்கு ஒரு குறை உண்டு. காலையில் ஒரு தேத்தண்ணியோடு பள்ளிக்கூடம் போய், இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துதான் சோறு. அந்த நாட்களில் வயிறு காலியாக இருந்தால் சினமும் தலையிடியும் கூடும், பிறகு இனிப்பையும் ரோல்ஸையும் தேடும். இடைவேளைக்கு அவித்த கடலையோ ஒரு குரக்கன் ரொட்டியோ வாழைப்பழமோ கொண்டுபோங்கள். கருவாடு, ஊறுகாய், பக்கற் மிக்சர் ஆகியவற்றைக் கடைசி வாரத்தில் குறைத்தால் சிலருக்கு ஊதல் குறைகிறது. பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம், நித்திரைக்காகச் சொல்கிறேன்.

கல்சியம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1998இல் அமெரிக்காவில் 466 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கல்சியம் எடுத்தவர்களுக்கு மூன்றாவது மாதத்தில் தொல்லைகள் 48 வீதம் குறைந்திருந்தன. மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கும் 30 வீதம் குறைந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் பயன் உண்டு. நமக்கு இது கிடைக்காத பொருளும் இல்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர்ச் சட்டி சந்தைக்கு வருகிறது. ஒரு கப் பாலில் ஏறக்குறைய 300 மில்லிகிராம், 100 கிராம் குரக்கனில் 300க்கு மேல் கல்சியம் இருக்கிறது. எள்ளிலும் முருங்கையிலையிலும் முள்ளோடு தின்கிற நெத்தலியிலும் உண்டு. குளிசையாக எடுப்பதென்றால் டொக்டரிடம் கேட்டு எடுங்கள். சிறுநீரகக் கல்லோ சிறுநீரக நோயோ இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையோடு சேர்த்துப் போடாதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

மார்பு நோவுக்கு, அளவான, நன்றாகத் தாங்குகிற உள்ளாடையே பாதி மருந்து. மாதவிடாய் முடிந்த பிறகும் கரையாத கட்டி கையில் தட்டுப்பட்டால் மட்டும் அதை பி.எம்.எஸ். கணக்கில் போடாமல் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள்.

கேள்வி: நான் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிறேன். மாதத்தில் ஒரு கிழமை மனைவிக்கு எதற்கெடுத்தாலும் கோபம். நான் பிந்தி வந்தால் சண்டை, காசு பற்றிச் சண்டை. "உனக்கு வரப்போகுதா?" என்று கேட்டால் இன்னும் கூடுகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
(வாசகர், நிலாவெளி)

பதில்: தம்பி, நீங்கள் எழுதிக் கேட்டதே எனக்குப் பெரிய சந்தோசம். அந்தக் கேள்வியை மட்டும் இனிமேல் கேட்காதீர்கள். ஏன் கோபம் கூடுகிறது என்றால், "நீ சொல்வதில் விசயம் இல்லை" என்று நீங்கள் சொல்வதாகத்தான் அவவுக்குக் கேட்கும்.

நான் பார்த்த வரையில், அந்த நாட்களில் பெண்கள் கத்திச் சொல்கிற குறைகள் பெரும்பாலும் உண்மையான குறைகள். மற்ற மூன்று வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததை அந்த வாரத்தில் பொறுக்க முடிவதில்லை. குரல்தான் கூடுதலாக இருக்கும். நீங்கள் பிந்தி வருவது உண்மையா இல்லையா? இரவு எட்டு மணிக்கு ஒரு கோல் எடுத்து "இன்றைக்குச் சுணங்கும்" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? காசு விசயத்தில் அவ கேட்பது என்ன என்று ஒரு கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சண்டை நடக்கிற அன்றைக்குத் தீர்க்கப் போகாதீர்கள். மாதவிடாய் முடிந்து ஒரு கிழமைக்குள், பிள்ளைகள் படுத்த பிறகு, நீங்களாகவே அந்தப் பேச்சை எடுங்கள். "அன்றைக்கு நீ சொன்னது சரி, இப்போ கதைப்போம்" என்று தொடங்கிப் பாருங்கள். அடுத்த மாதம் அதே விசயத்துக்குச் சண்டை வருகிறதா என்று பிறகு எனக்கு எழுதுங்கள்.

அந்த வாரத்தில் வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உதவி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு நின்றால் அவவுக்கு அதற்கும் பதில் சொல்லும் வேலை. பிள்ளைகளைக் குளிப்பாட்டலாம், இரவுக்குப் பாண் வாங்கி வரலாம், அவ அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க விடலாம். விடுமுறை நாளை மாற்றி எடுக்க ஹோட்டலில் முடியுமென்றால் ஒரு நாளை அந்த வாரத்தில் எடுங்கள். இன்னொன்று: கை நீட்டுவதற்கும் தகாத சொல் பேசுவதற்கும், யார் பக்கத்தில் இருந்து வந்தாலும், பி.எம்.எஸ். காரணமாகாது. அது நடந்தால் தனியாகக் கவனிக்க வேண்டிய விசயம்.

கேள்வி: பெயர் போட வேண்டாம், ஊரும் வேண்டாம். மாதவிடாய்க்கு ஒரு கிழமைக்கு முன் வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது. பிள்ளைகளுக்கு நான் பாரம் என்று நினைப்பேன். வந்து இரண்டாம் நாள், ஏன் அப்படி நினைத்தேன் என்று எனக்கே புரியாது. அடுத்த மாதம் மறுபடி அதே. எனக்கு என்ன?

பதில்: மகள், உங்களுக்கு இருப்பது சாதாரண பி.எம்.எஸ்.ஸை விடக் கடுமையான ஒன்றாக இருக்கக்கூடும். நூற்றில் ஒரு சிலருக்கு இது வருகிறது. பி.எம்.டி.டி. என்று சொல்வார்கள். 2013இல் அமெரிக்க மனநல வைத்தியர்கள் தங்கள் நோய்க் கையேட்டில் இதைத் தனி நோயாகவே சேர்த்தார்கள். நீங்கள் எழுதியதைப் போலத்தான் மற்றவர்களும் சொல்வார்கள்: ஒரு கிழமை முழுக்க இருட்டு, இரண்டாம் நாள் தெளிவு, பிறகு வெட்கம். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை.

இரண்டு மாதம் கொப்பி எழுதிவிட்டுப் போங்கள் என்று மற்றவர்களுக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நீங்கள் இந்தக் கிழமையே போங்கள், கொப்பியைப் போன பிறகு எழுதலாம். குடும்ப வைத்தியரிடம் போகலாம், ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்கும் போகலாம். மனநல கிளினிக் வாசலில் யாராவது கண்டுவிடுவார்களே என்ற பயம் எனக்குத் தெரியும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தனியாகச் சொல்லுங்கள், எப்படிப் போவது என்று அவர் வழி செய்வார். வாழ வேண்டாம் என்ற நினைப்பு வந்த நேரத்திலேயே 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம், உங்கள் அக்காவோ அம்மாவோ கணவரோ, நல்ல நாளில் இருக்கும்போதே சொல்லி வையுங்கள்: "இந்தத் திகதியில் இருந்து நான் இப்படி இருப்பேன், தனியே விடாதே." பயிருக்கு அடிக்கிற மருந்து, மிச்சக் குளிசைகள் எல்லாம் வீட்டில் இருந்தால் அவரிடம் கொடுத்து அப்புறப்படுத்துங்கள்.

இதற்கு நல்ல மருந்து உண்டு. ஃபுளுவொக்ஸெட்டின், சேர்ட்ரலின் போன்ற, செரட்டோனினைக் கூட்டுகிற மருந்துகளை டொக்டர் தரலாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும்போது வேலை செய்ய அவற்றுக்குப் பல வாரம் தேவை, இந்த நோயில் சில நாட்களிலேயே பலன் தெரியத் தொடங்கும். அதனால் சிலருக்கு மாதத்தின் பின்பாதியில் மட்டும், மாதவிடாய் வரும் வரை, எடுக்கச் சொல்வார்கள். சிலருக்குத் தினமும். இவை போதைக் குளிசைகள் அல்ல, அடிமையாக்கவும் மாட்டா. தினமும் எடுக்கிறவர்கள் திடீரென நிறுத்தாமல் டொக்டரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். ட்ரொஸ்பிரினோன் சேர்ந்த கருத்தடைக் குளிசையும் சிலருக்கு உதவுகிறது. ஒற்றைத் தலைவலியோடு கண்ணில் மின்னல் வெட்டுகிறவர்களுக்கும், இரத்தக்கட்டி வந்தவர்களுக்கும் அது பொருந்தாது. நீங்கள் டெப்போ என்ற கருத்தடை ஊசி போடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள், சிலருக்கு அதனாலும் மனநிலை சரியலாம். நினைப்புகளைக் கையாளப் பழக்குகிற உளவளத் துணையும் மருந்தோடு சேர்ந்து நன்றாகப் பயன் தரும்.

உங்கள் அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்கிறேன். பெயர் இல்லாமலே எழுதுங்கள்.

கேள்வி: மகளுக்கு 15 வயது, ஓ.எல். எடுக்கப் போகிறாள். வருவதற்கு இரண்டு நாளைக்கு முன்பே சிடுசிடுப்பு, அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். முதல் நாள் வயிற்றுக்குத்தில் பள்ளிக்கூடமே போக மாட்டாள். குளிசை குடித்தால் பின்னுக்குப் பிள்ளைப்பேறு பாதிக்கும் என்று என் அம்மா விடுகிறா இல்லை.
(வாசகி, தம்பலகாமம்)

பதில்: முந்தின இரண்டு நாள் சிடுசிடுப்பு பி.எம்.எஸ். ஆக இருக்கலாம். முதல் நாள் குத்து வேறு. கருப்பை சுருங்குவதற்காக உடம்பு சுரக்கிற புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கூடும்போது வருவது அது. மெஃபனமிக் அசிட், இபுபுரூஃபன் போன்ற மருந்துகள் அந்தப் பொருளைத்தான் தடுக்கின்றன. வலி உச்சத்துக்குப் போகும் வரை காத்திருக்காமல், குத்துத் தொடங்கியதுமே, சாப்பிட்ட வயிற்றில், டொக்டர் சொன்ன அளவில் எடுத்தால் நன்றாகக் கேட்கும். மாதத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி எடுப்பதால் பிள்ளைப்பேறு கெட்டுப்போகாது என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். அவ கிண்டித் தருகிற உளுத்தங்களி நல்ல சாப்பாடு, அதையும் கொடுங்கள். வயிற்றில் சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்துத் துணியால் சுற்றிக் கட்டினாலும் சுகம் கிடைக்கும்.

ஆஸ்துமா இழுப்போ வயிற்றுப் புண்ணோ இருந்தால் அந்த மருந்துகள் வேண்டாம். காய்ச்சல் இருந்தாலும் தொடவே கூடாது, அது டெங்கு என்றால் இந்த மருந்துகள் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது பட்ட பாடு எங்களுக்கு மறக்காது. மாதவிடாயும் காய்ச்சலும் ஒன்றாக வந்தால் அளவான பனடோல் மட்டும் கொடுத்து, டொக்டரிடம் காட்டுங்கள்.

குளிசை போட்டும் மாதா மாதம் பள்ளிக்கூடம் நிற்க வேண்டி வருகிறதென்றால் "பொம்பிளைப் பிள்ளை என்றால் அப்படித்தான்" என்று விடாதீர்கள். எண்டோமெற்றியோசிஸ் என்ற நோய் இந்த வயதிலேயே தொடங்கலாம், பெண்நோயியல் டொக்டர் பார்க்க வேண்டும். கதவைச் சாத்திக்கொள்கிற இரண்டு நாளுக்கு ஒன்று சொல்கிறேன்: சாத்தட்டும். சாப்பாட்டை நேரத்துக்குக் கொடுத்து, இரவு பத்து மணிக்கு ஃபோனை வாங்கி வையுங்கள். கணக்குப் பாடத்தை அடுத்த வாரம் பார்க்கலாம்.

கேள்வி: எனக்கு 46. கட்டி இருந்ததால் இரண்டு வருசத்துக்கு முன் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் மாதத்தில் சில நாள் மார்பு கனத்து, அழுகை அழுகையாக வருகிறது. வீட்டுக்காரர் "அதுதான் எடுத்தாச்சே" என்கிறார். இது என் கற்பனையா மிஸ்?
(வாசகி, கிண்ணியா)

பதில்: கற்பனையே இல்லை. ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டை எடுத்துப் பாருங்கள், அல்லது டொக்டரிடம் கொடுத்துக் கேளுங்கள். கர்ப்பப்பையை மட்டும் எடுத்து, சூலகத்தை விட்டிருப்பார்கள். பி.எம்.எஸ். தொடங்கும் இடம் சூலகம். இரத்தப்போக்கு நின்றாலும் அது தன் பாட்டில் மாதா மாதம் வேலை செய்துகொண்டிருக்கும். உங்களுக்குத் திகதி சொல்ல இரத்தம் இல்லாததால் யாருக்கும் விளங்கவில்லை. நீங்களும் கொப்பி எழுதுங்கள், மார்பு கனக்கத் தொடங்குகிற நாளைக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஏறக்குறைய நாலு கிழமைக்கு ஒரு தடவை வருகிறதென்றால் அதை வீட்டுக்காரருக்குக் காட்டுங்கள்.

உங்கள் வயதில் இன்னொன்றும் உண்டு. மாதவிடாய் நிரந்தரமாக நிற்பதற்கு முந்தின சில வருடங்களில் ஹோர்மோன் ஒரே சீராக இறங்குவதில்லை, ஏறி ஏறி இறங்கும். அதனால் முன்பு லேசாக இருந்த தொல்லைகள் பலமாகலாம். திடீரென உடம்பு கொதித்து வியர்க்கிறதா, இரவில் விழிப்பு வருகிறதா என்றும் கவனியுங்கள். 35 வயது தாண்டியவர்களுக்கென்றே சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. உங்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸில் நாளைக் கேட்டுப் போய், பிரஷர், சீனி, மார்பு எல்லாம் பார்த்துக்கொண்டு இதையும் சொல்லுங்கள். தைரொய்டும் சோதிக்கச் சொல்வார்கள்.

கேள்வி: பி.எம்.எஸ்.ஸுக்கு நொச்சி நல்லது என்று யூடியூப்பில் சொன்னார்கள். எங்கள் வேலியிலேயே நிற்கிறது. அவித்துக் குடிக்கலாமா? விற்றமின் பி6?
(வாசகி, மூதூர்)

பதில்: அவர்கள் சொல்வது ஐரோப்பாவில் பயன்படுத்துகிற ஒரு செடியின் பழத்தை. அது நம் நொச்சிக்கு ஒரே இனத்துச் சொந்தம், ஆனால் வேறு செடி. ஆய்வுகளில் சிலருக்குப் பயன் கிடைத்ததும் அந்தப் பழத்தின் சாற்றில்தான். வேலி நொச்சி இலையைத் தடிமனுக்கு ஆவி பிடியுங்கள், இதற்கென்று அவித்துக் குடிக்க வேண்டாம். கருத்தடைக் குளிசை எடுக்கிறவர்களும் பிள்ளைக்கு முயற்சி செய்கிறவர்களும் அந்த ஐரோப்பிய மருந்தைக்கூட டொக்டரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. பி6 சிலருக்குக் கொஞ்சம் உதவலாம். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்டி நெடுகப் போட்டால் கைகால் விறைத்து நரம்பு பாதிக்கப்படலாம், ஆகவே போத்தலில் எழுதியிருக்கும் அளவைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவுக்காக ஒவ்வொரு வருசமும் பார்மசியில் குளிசை வாங்கி மாதவிடாயைத் தள்ளிப்போடுகிறேன். அந்த நாட்களில் வழக்கத்தை விட உடம்பு ஊதி, எரிச்சல் வருகிறது. தொடரலாமா?
(வாசகி, சாம்பல்தீவு)

பதில்: அம்மனைக் கும்பிடப் போகிற ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன். நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் கலியாண வீட்டுக்கும் இதே குளிசையை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதற்குப் பெரும்பாலும் தருகிற நோர்எதிஸ்டெரோன் என்பது புரொஜெஸ்டரோன் வகை மருந்து. மாதவிடாய் வர மூன்று நாள் இருக்கும்போது தொடங்குவார்கள், நிறுத்தி இரண்டு மூன்று நாளில் வரும். பி.எம்.எஸ். உள்ள உங்களுக்கு அந்த நாட்கள் இன்னும் நீளுகின்றன, ஊதலும் எரிச்சலும் அதனால்தான். வருடத்தில் ஒரு தடவை என்றால் டொக்டரிடம் எழுதி வாங்கி எடுக்கலாம். ஒன்றும் கேட்காமல் மேசைக்கு மேலால் எடுத்துத் தருகிற கடையில் வாங்காதீர்கள், ஏனென்றால் சில கேள்விகள் கட்டாயம் கேட்கப்பட வேண்டும்: முன்பு இரத்தக்கட்டி வந்ததா, ஈரல் நோய் இருக்கிறதா, பிள்ளை தங்கியிருக்க இடமுண்டா? இந்த மாதிரி எடுக்கும்போது அது கருத்தடையாக வேலை செய்யாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. எடுக்கிற நாட்களில் ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, மூச்சு முட்டி நெஞ்சு நொந்தாலோ, திருவிழா முடியட்டும் என்று பார்க்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.